மாளிகையில் படுத்தல்: ஏரல் நோக்கில் ஓர் ஆய்வு

மாளிகை விடுதி என்பது, ஒரு குடும்பம் தன் செல்வத்தை ஊரார் காணும்படி என்றோ கட்டிவைத்த பெருவீடு, அக்குடும்பத்தாரால் பெருக்கித் துடைத்து மாளாத நிலையை எட்டிய பிறகு, ஓர் இரவுக்கு இத்தனை ஆயிரம் என்ற கணக்கில் அயலாருக்குத் திறந்துவிடப்படும் இடமாகும். லாட்ஜ் எனப்படும் விடுதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அறையின் அகலத்திலோ மெத்தையின் கனத்திலோ இல்லை. லாட்ஜில் தங்குபவர் விடிந்ததும் கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொள்முதலுக்கோ போவதற்காகத் தங்குகிறார், மாளிகை விடுதியில் தங்குபவருக்கோ தங்குவதே வேலை. இவ்விரண்டாம் வகைத் தங்கலைப் பற்றிப் பயண ஏடுகளில் வண்ணப்படங்களும் வியப்புக்குறிகளும் மலிந்திருந்தாலும், அவ்வீடுகளில் அக்காலத்தில் யார் படுத்தார், இக்காலத்தில் யார் படுக்கிறார் என்னும் அடிப்படை வினா உரிய மரியாதையுடன் எழுப்பப்படவில்லை. அக்குறையை ஓரளவு நீக்குவதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

ஆய்வுக்களமாக ஏரல் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. தாமிரபரணிக் கரையில், பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கைக்கு அருகே அமைந்த இக்கடைவீதி ஊரில் மாளிகை விடுதி ஒன்றுகூட இல்லை என்பதால், இங்கிருந்து வழங்கப்படும் தீர்ப்பில் சொந்தபந்தப் பாசத்துக்கு இடமில்லை. மேலும், எப்பொருளையும் முதலில் விலை கேட்டு, அடுத்துத் தட்டிப் பார்த்து, கடைசியாகவே அதன் அழகைக் கவனிக்கும் முறையியல் சந்தை ஊர்க்காரருக்குப் பால்குடி மறக்கும் முன்பே கைவந்துவிடுகிறது. தங்கலைப் பற்றிய அனுபவ அறிவும் ஊரில் நிறைந்திருக்கிறது. ஏரலின் சேர்மனாக, அதாவது ஊர் நிர்வாகத் தலைவராக, பொறுப்பு வகித்து 1908 ஆடி அமாவாசையன்று இளம் வயதில் மறைந்த அருணாசல சுவாமி, மறைந்த பின்னும் பதவிப்பெயர் நீங்காமல் ‘சேர்மன் சாமி’ என்றே வணங்கப்படுகிறார். பதவிக்காலம் முடிந்தும் பட்டத்தைக் கைவிடாதவர் நாட்டில் பலர் உண்டெனினும், மக்களே விடாமல் பிடித்துவைத்திருப்பது இவர் ஒருவரைத்தான் எனலாம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இக்கோயிலுக்குத் திரளும் கூட்டம் வளாகத்திலும் ஆற்றங்கரையிலும் கிடைத்த இடத்தில் சமுக்காளத்தை விரித்து, துணிமூட்டையைத் தலைக்கு வைத்து, குறட்டையுடன் உறங்கி எழுகிறது. தலையணை போதிய மென்மையுடன் இல்லை என்ற புகார் அங்கே எழுவதில்லை.

இனி, எது மாளிகை என்பதை வரையறுக்க வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகம் மரபு விடுதி என்னும் தகுதியை வழங்கும்போது, கட்டடம் 1950-க்கு முன் எழுந்ததாக இருக்க வேண்டும் என்பதை அடிப்படை வரம்பாகவும், உயர்ந்த தரங்களுக்கு 1935-க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைக் கூடுதல் வரம்பாகவும் கொள்கிறது. இவ்வரையறையை ஏரலின் பழைய தெருக்களுக்குப் பொருத்திப் பார்த்தால், மழைக்கு ஒழுகுகிறது என்பதற்காக இடித்துவிட்டு கான்கிரீட் போடலாமா என்று பேசப்படும் வீடுகளில் பல, வயது ஒன்றை மட்டும் கணக்கிட்டால், உதயப்பூர் ஏரி மாளிகையோடு ஒரே வரிசையில் நிற்கும் தகுதியை எட்டிவிடுகின்றன. அவை விடுதியாகாமல் தடுப்பது வயதோ அழகோ அன்று, பாகப்பிரிவினையே ஆகும். பாகப்பிரிவினை என்பது, ஒரு முற்றத்தின் நடுவே செங்கல் சுவர் எழுப்பி, மாமரத்தை ஒருவருக்கும் அதன் நிழலை இன்னொருவருக்கும் ஒதுக்கும் குடும்பச் சடங்கு. அரசர்களுக்கு மூத்தவர் ஒருவரே வாரிசு என்ற வழக்கம் இருந்ததால் அரண்மனைகள் முழுதாக எஞ்சின. மற்றவர் வீடுகளில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் வழக்கு எண். ஒரு கட்டடம் மாளிகையாக நிலைப்பதற்குக் காரைச் சுண்ணாம்பின் உறுதியைவிட மூலப்பத்திரத்தின் தெளிவே முதன்மையானது என்ற முடிவுக்கு வருவதைத் தவிர்க்க இயலாது.

இவ்வாய்வின் மையக் கருத்தை இங்கே முன்வைக்கலாம். மாளிகைகளில் அவற்றைக் கட்டியவர்கள் தங்கியதே குறைவு. காசு கொடுத்து அறை எடுக்கும் அயலாரே அவ்வீடுகளில் முறையாக, தொடர்ந்து, விளக்கணைத்து உறங்கும் முதல் மனிதர்கள். வசதி கருதி இதைப் படுக்கை விதி என்று அழைக்கலாம்: ஒரு வீட்டின் அறைகள் பெருகப் பெருக, வீட்டுக்காரர் அதில் படுக்கும் இரவுகள் குறைகின்றன.

இவ்விதிக்கு முதற்சான்று ஐதராபாத்தின் ஃபலக்னுமா அரண்மனை. பைகா பிரபுக் குடும்பத்தவரும் பின்னாளில் ஐதராபாத் சமஸ்தானத்தின் பிரதமருமான விகார்-உல்-உம்ரா 1884-இல் இதன் கட்டுமானத்தைத் தொடங்கி, இத்தாலியச் சலவைக்கல்லை இழைத்து, ஏறத்தாழ ஒன்பதாண்டுகளில் முடித்தார். செலவோ அவரையே முடித்துவிடும் அளவுக்குப் பெருகியிருந்தது. சமஸ்தானத்தை ஆண்ட ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் விருந்தாளியாக வந்தார், வீட்டைப் பாராட்டினார், புறப்படும் அறிகுறியையே காட்டவில்லை என்றும், குறிப்பறிந்த பிரபு வீட்டையே காணிக்கையாக்கிவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. எவ்வாறாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் முன்பே வீடு நிஜாமின் கைக்கு மாறியது உறுதி. விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்ற பழைய சிக்கலுக்கு இதைவிட முழுமையான விடை வரலாற்றில் அரிது; சோறு போட்டவர் வெளியேறி, சாப்பிட்டவர் வீட்டுக்காரரானார். மஹபூப் அலி கான் 1911-இல் அங்கேயே உயிர்நீத்தார். அடுத்து வந்த உஸ்மான் அலி கானோ, 1937-இல் டைம் இதழ் உலகின் மிகப் பெரும் செல்வராக அட்டையில் போட்ட மனிதர், ஃபலக்னுமாவை விட்டுவிட்டு கிங் கோத்தி என்னும் வேறொரு வீட்டில் எளிய வாழ்க்கை வாழ்ந்தார். தந்தையின் காலணிக்குள் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஜேக்கப் வைரத்தைத் தாள் பறக்காமல் இருக்க மேசைமேல் வைத்திருந்தார் என்பர். ஃபலக்னுமா பெருந்தலைகள் வந்தால் திறக்கும் விருந்தினர் மாளிகையாகி, பிறகு பூட்டப்பட்டது. சுமார் பத்தாண்டுகள் பழுதுபார்த்து 2010 நவம்பரில் தாஜ் நிறுவனம் அதை விடுதியாகத் திறந்த பின்னரே, அறுபது அறைகளிலும் இரவுதோறும் ஆள் படுக்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது.

அவ்விடுதியின் புகழ்பெற்ற உணவு மேசையில் 101 பேர் ஒருசேர அமரலாம். 2017 நவம்பரில் அன்றைய அமெரிக்க அதிபரின் மகள் இவாங்கா டிரம்புக்கு இந்தியப் பிரதமர் விருந்தளித்தது இங்கேதான். ஏரல் கல்யாண மண்டபத்தின் பந்தியை அறிந்தவருக்கு இவ்வெண்ணிக்கை பெரிய மலைப்பைத் தராது; பந்தியில் அதைவிட அதிகம் பேர் அமர்கின்றனர், பின்னால் நிற்பவர் எப்போது எழுவாய் என்று பார்த்துக்கொண்டிருக்க, குறித்த நேரத்தில் எழவும் செய்கின்றனர். மேசை நீளத்தால் பெருமை கொள்ளும் அரண்மனை, இரண்டாம் பந்தி என்ற கருத்தை எட்டவேயில்லை. கடலே இல்லாத ஐதராபாத் முத்து விற்பனையில் உலகப்பெயர் பெற்றிருப்பதும், ஒருகாலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கையை மடியில் வைத்திருக்கும் கரையோ 1961-க்குப் பின் முத்துக்குளிப்பைக் காணாமல் முத்துநகர் என்ற பெயரை ஒரு ரயிலில் ஓடவிட்டிருப்பதும், அவ்விடுதி வாசலில் நிற்கும் ஏரல்காரருக்குக் கூடுதலாக ஏற்படும் மனவருத்தமாகும். அதற்கு விடுதி பொறுப்பன்று.

ஜோத்பூரின் உமைத் பவன் இவ்விதியை எண்கணித முறையில் நிறுவுகிறது. பஞ்சத்தால் நலிந்த குடிகளுக்கு வேலை கொடுக்க 1929-இல் தொடங்கி 1943-இல் முடிக்கப்பட்ட அவ்வரண்மனையில் 347 அறைகள். கட்டிய உமைத் சிங் 1947-இல் காலமானார். நாளுக்கு ஓர் அறையென மாறி மாறிப் படுத்திருந்தாலும் அவரால் வீட்டை நான்கு சுற்றுக்குச் சற்று மேல் மட்டுமே வந்திருக்க முடியும். மைசூரின் லலித மகால் இன்னும் வெளிப்படையானது: அது எழுந்ததே வைஸ்ராய் எப்போதாவது வந்தால் தங்குவதற்காக. வைஸ்ராய் என்பவர் பிரிட்டிஷ் மன்னரின் பேரால் இந்தியாவை ஆண்டவர். அவருக்கு டெல்லியில் வேறு வீடு இருந்தது.

தமிழ்நாட்டில் இவ்வாய்வுக்கு வளமான களம் செட்டிநாடு. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் நடத்திய நகரத்தார், பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் ஆத்தங்குடி ஓட்டையும் கொண்டு எழுப்பிய வீடுகள், 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியுள்ளன. தெருவிலிருந்து நுழைந்தால் முதலில் திண்ணை. அடுத்து வந்தவரை அமர்த்திப் பேசும் முகப்பு. அதற்கப்பால் வளவு எனப்படும் திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். பின்னே இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று சாப்பாட்டுக் கூடமும் அடுப்படியும் தொடர்ந்து, வீடு அடுத்த தெருவில் போய் முடியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன் ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. அவற்றை நிறைத்தவை பெரும்பாலும் மனைவி கொண்டுவந்த சீர்ச் சாமான்கள்: பித்தளை அண்டா, எவர்சில்வர் அடுக்கு, ஒருமுறையும் அடுப்பேறாத பீங்கான். கல்யாணத்துக்குக் கூடிய ஆண்களோ திண்ணையிலும் தாழ்வாரத்திலும் பாய் விரித்துக் காற்றாடப் படுத்தனர். விழா முடிந்ததும் குடும்பம் கப்பலேற, வீடு காவல்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் தம் மகளுக்காகக் கட்டிய விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ் போன்றவை இன்று விடுதிகளாகியிருப்பதன் பொருளை இப்பின்னணியில்தான் உணர முடியும். ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்தும் விருந்தினர், அண்டாவுக்கு என்று ஒதுக்கிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார். அந்நாளில் இலவசமாகவும் காற்றோட்டமாகவும் கிடைத்த திண்ணையோ இப்போது வரவேற்பிடமாகி, அதில் படுப்பதற்குத் தடை உள்ளது. அண்டாவுக்கு அறையும், மனிதருக்குத் திண்ணையும் என்றிருந்த பழைய முறையே நியாயம் என்று சொல்லத் தோன்றுகிறது.

உயரமான இடத்தில் படுப்பதைப் பற்றிச் சிறிது விலகிப் பேச ஏரலுக்கு உரிமை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி, ஏரல் கடைவீதிக்குள் புகுந்து, பாலத்துப் போக்குவரத்தையும் துண்டித்தபோது, ஊரில் மாளிகை என்ற தகுதி சில நாட்களுக்கு மாடி உள்ள எல்லா வீடுகளுக்கும் கிடைத்தது. அங்கே அறைக்கட்டணம் கிடையாது. நனைந்த அரிசியைக் காயவைக்க இடம் கொடுப்பதும் அதில் அடக்கம்.

பெருநகர மாளிகை விடுதியாவதில் சென்னைக்கெனத் தனி மரபு உண்டு. 1930-களின் இறுதியில் கே. கிருஷ்ணராவ் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் என்று பெயர் பெற்றிருந்த ஒரு பழைய பெருவீட்டைக் குத்தகைக்கு எடுத்து, உடுப்பி முறைச் சைவ விடுதியைத் தொடங்கினார். மற்ற ஊர்களில் மாளிகை விடுதியானால் மாளிகை முன்னும் சாப்பாடு பின்னுமாக நிற்கும். சென்னையில் தோசை முன்னே வந்து, வீடு மறக்கப்பட்டு, வீட்டின் பெயர் மட்டும் கடல் கடந்து சிங்கப்பூரிலும் லண்டனிலும் சாம்பார் மணத்துடன் உலவியது. ஜமீன் கூடங்களில் எஞ்சியவற்றைக் கல்யாண மண்டபமாக்கியதும் இந்நகரமே. ஓர் இரவுக்கு இருவர் படுக்கும் அறையை நம்புவதைவிட ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரம் பேர் உண்ணும் கூடத்தை நம்புவது வணிக அறிவுக்கு உகந்தது என்பதில் ஏரல் கடைக்காரர் எவரும் மாறுபட மாட்டார்.

தூத்துக்குடிக் கரைக்கு வேறு எந்தப் பெருநகரைவிடவும் பழக்கமானது கொழும்பு. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் விட்டது அந்நகருக்குத்தான். தென்மாவட்ட வணிகர் பலர் கடை போட்டதும் அங்கேதான். 2011 ஜூனில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் அவ்வாண்டு முடிவதற்குள் நின்றுபோனது. அந்நகரின் ரோஸ்மீட் பிளேஸில் உள்ள டின்டாஜல் என்னும் இல்லம், ஒரு மருத்துவர் கட்டி, பின்னர் பண்டாரநாயக்க குடும்பத்தின் வசமானது. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அதன் முன்தாழ்வாரத்தில் தம்மைக் காண வருவோரைச் சந்திப்பது வழக்கம்; 1959 செப்டம்பர் 25 அன்று அவ்வாறு வந்தோரில் ஒருவன் சுட, மறுநாள் அவர் இறந்தார். இன்று அது பத்து அறைத்தொகுதிகள் கொண்ட ஆடம்பர விடுதி. படுக்கை விதிக்கு விலக்கான வீடு இது, ஏனெனில் இங்கே குடும்பம் உண்மையாகவே வாழ்ந்தது. ஆனால் நாட்டின் தலைவரை முன்பதிவின்றி யாரும் போய்ப் பார்க்கக்கூடிய தாழ்வாரமாக இருந்த இடத்துக்குள், இன்று முன்பதிவு இல்லாமல் நுழைவது எளிதன்று என்ற மாற்றத்தை நகைச்சுவைக்குள் அடக்க முடியாது.

இனி, இத்தகைய விடுதிக்குப் போகும் ஏரல்காரரின் நடத்தையை ஆராயலாம். மகன் பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்த்து, பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தை முன்னிட்டு அறை எடுத்துக் கொடுக்கும்போதே இப்பயணம் பெரும்பாலும் நிகழ்கிறது. வாடகையை மகன் சொல்வதில்லை, தந்தை கேட்காமல் இருப்பதுமில்லை. பாதியாகக் குறைத்துச் சொல்லப்படும் தொகையே மயக்கத்தை வரவழைக்கப் போதுமானது. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்ற செய்தி அடுத்து வரும்போது, வரித்தொகை மட்டும் தம் ஊர் லாட்ஜின் ஒரு நாள் வாடகையைத் தாண்டுவதை அவர் வாய்க்குள் கணக்கிட்டுவிடுகிறார். காலக் கணக்கிலும் அவருக்குத் தடை எழுகிறது. பழைய லாட்ஜ்களில் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் ஒரு நாள். பெருவிடுதிகளில் பிற்பகல் 2 மணிக்கு அறை தந்து மறுநாள் நண்பகல் 12 மணிக்குத் திரும்பப் பெறுவது வழக்கம். தமிழர் வானநூலில் ஒரு நாளுக்கு அறுபது நாழிகை என்றிருக்க, மாளிகையில் அது ஐம்பத்தைந்தாகச் சுருங்குகிறது. மீதி ஐந்து நாழிகை யாருக்குச் சேர்கிறது என்பது பஞ்சாங்கக்காரர்கள் கவனிக்க வேண்டிய பொருள்.

அறைக்குள் முதல் அரைமணி நேரம் சுவிட்சுகளை ஆராய்வதில் கழிகிறது. ஒரு விளக்கை அணைத்தால் இன்னொன்று எரியும் அமைப்பு, மின்கட்டணம் தம்முடையதன்று என்று தெரிந்தும், அவரை உறங்கவிடுவதில்லை. ஏசியின் குளிருக்கு விடுதி தந்த கம்பளியை நம்பாமல் வேட்டியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொள்வது நெடுநாள் வழக்கு. காலை உணவு வாடகையில் சேர்ந்தது என்று அறிந்ததும் இரவு உணவைக் குறைத்துக்கொள்வதும் பொருளியல் நெறியே. பெண்களின் ஆய்வு வேறு திசையில் செல்கிறது. அவர்கள் மேற்கூரையின் ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன், இத்தனை கண்ணாடியை யார் தினமும் துடைப்பது என்று கேட்கின்றனர். மாளிகைகள் ஏன் கைவிடப்பட்டன என்பதற்கு வரலாற்றாசிரியர் தரும் விளக்கங்கள் எல்லாவற்றையும்விட இக்கேள்வி கூர்மையானது.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது, அவர் பணியாளரிடம் கேட்கும் வினா. செட்டிநாட்டு விடுதியொன்றில் காபி கொண்டுவந்து வைக்கும் இளைஞரைப் பார்த்து, “ஏன் தம்பி, வீட்டுக்காரவ எங்க இருக்காவ?” என்று கேட்காத ஏரல்காரர் அரிது. “அவங்க இங்க இல்ல, அண்ணாச்சி; சென்னைல இருக்காங்க” என்ற விடை வந்ததும், அதுவரை இருந்த கூச்சம் நீங்கி, ஆளில்லாத வீட்டில் படுப்பது முறையா என்ற புதிய கூச்சம் பிடித்துக்கொள்கிறது. வாசலில் நின்று வாங்க என்று கூப்பிட ஒருவர், இன்னும் ஒரு தோசை வையுங்கள் என்று அதட்ட ஒருவர், புறப்படும்போது இருந்துவிட்டுப் போகலாமே என்று பொய்யாகவேனும் தடுக்க ஒருவர்: இவர்கள் மூவரும் சேர்ந்ததே அவர் அறிந்த வீடு. விடுதி இம்மூன்றையும் சீருடை அணிந்தவர்களைக் கொண்டு நடத்திக் காட்டுகிறது, மூன்றாவதைத் தவிர. நண்பகல் 12 மணிக்குமேல் தடுப்பவர் எவருமிலர்.

ஆய்வின் முடிவில் ஒரு கோரிக்கை மட்டும் எஞ்சுகிறது. ஃபலக்னுமாவின் சலவைக்கல் குளியலறை முதல் கானாடுகாத்தானின் கலப்பு ஓட்டுக் குளியலறை வரை, படுத்துக் குளிக்கும் தொட்டிகளைப் பொருத்துவதில் விடுதி நிர்வாகங்கள் காட்டியிருக்கும் அக்கறை பாராட்டுக்குரியது. ஆயினும், தாமிரபரணியில் முங்கிக் குளித்துப் பழகி, ஊர் விட்டால் தலையில் தண்ணீரை ஊற்றினால்தான் குளித்ததாக நம்பும் மக்களும் வாடகை செலுத்தும் வாடிக்கையாளர்களே. ஆகவே, வாளி ஒன்றும் கப் ஒன்றும், பிளாஸ்டிக்காக இருந்தாலும் குற்றமில்லை, கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு குளியலறையிலும் வைக்கப்பட வேண்டும் என்று மாளிகை விடுதி நடத்துவோர் அனைவரையும் இவ்வாய்வு கேட்டுக்கொள்கிறது.